ஐஸ் பிளாண்டில் அமோனியா ஏற்றுவது: ஹோஸை மாட்டும்போதும் கழற்றும்போதும்

கேள்வி சுருக்கமாக இது: கடலோர ஊரில் ஒரு ஐஸ் பிளாண்ட். அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கி ஆறு மாதம் ஆகிறது. ஐஸ் கட்டிப்பட நேரமாகிறது, சக்ஷன் பிரஷர் (கம்ப்ரசர் கேஸை இழுக்கும் பக்கத்து அழுத்தம்) இறங்கிக்கொண்டே வருகிறது. இரண்டு சிலிண்டர் அமோனியா கேஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார் பழைய ஆபரேட்டர். முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு அவர் தனியாகவே ஏற்றுவாராம். இது சரியா, எப்படிப் பாதுகாப்பாக ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது?

தம்பி, முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். தனியாக ஏற்றக்கூடாது. அதில் பேச்சே இல்லை. ஈரத்துண்டு, கசிவு வந்தால் வெளியே ஓடுகிற அந்த அரை நிமிடத்துக்கு உதவும். அமோனியா தண்ணீரில் மிக வேகமாகக் கரையும் என்பதால் துண்டின் ஈரம் கொஞ்சத்தைப் பிடித்து நிறுத்தும். ஆனால் துண்டு கண்ணை மறைக்காது. அமோனியா பட்டால் முதலில் போவது கண்தான். கண் திறக்க முடியாதவர் கதவைத் தேடிப் போக முடியாது. ஆகவே துண்டு தப்பி ஓட மட்டும்தான், அதை நம்பி நின்று வேலை செய்யக்கூடாது.

இருபது வருடத்துக்கு மேல் அமோனியா பிளாண்டுகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கேஸ் ஏற்றும்போது நான் பார்த்த விபத்துகளும் தப்பிய சமயங்களும் பெரும்பாலும் கேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தவை அல்ல. ஹோஸை மாட்டிய முதல் சில நிமிடங்களிலும், வேலை முடிந்தது என்று நினைத்துக் கழற்றிய கடைசிச் சில நிமிடங்களிலும் நடந்தவை. அதனால் அந்த இரண்டு இடத்தில் நிதானமாக நின்று சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்கள் பிளாண்டில் இருந்த கேஸ் எங்கே போனது?

அமோனியா டீசல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரசர், கண்டென்சர், ரிசீவர், எக்ஸ்பான்ஷன் வால்வு, காயில், மறுபடி கம்ப்ரசர் என்று அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றி வருகிறது. ஆயில் இறக்கும்போதும் உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்றும்போதும் கொஞ்சம் போகும், தண்டைச் சுற்றி அடைக்கும் கிளாண்டு பேக்கிங்கில் கொஞ்சம் போகும். இரண்டு சிலிண்டர், அதாவது நூறு கிலோ அளவுக்குக் குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அல்லது கேஸ் குறையவே இல்லை, கோளாறு வேறு எதிலோ இருக்கிறது.

இரண்டாவது ரகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சக்ஷன் இறங்க ஒரு காரணம் மட்டும் இல்லை. எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு முன்னால் இருக்கும் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) அடைத்திருந்தாலும் இறங்கும். காயிலில் ஆயில் சேர்ந்திருந்தாலும் இறங்கும். திரவ அமோனியாவைவிட ஆயில் கனமானது, அடியில் போய்த் தங்கிவிடும். ஐஸ் பிளாண்டுக்கே உரிய இன்னொன்றும் உண்டு. பிரைன் டேங்கில், அதாவது ஐஸ் கேன்கள் நிற்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியில், உப்பின் செறிவு குறைந்தால் காயிலைச் சுற்றி ஐஸ் படியும். அந்த ஐஸ் போர்வை போல மூடிக்கொள்ளும், வெப்பம் உள்ளே போகாது, சக்ஷன் இறங்கிவிடும். கேன் ஏற்றி இறக்கும்போது தண்ணீர் சிந்திச் சிந்தியே உப்பு நீர்த்துப்போகிறது. உப்பின் செறிவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரைப் போட்டு ஒருமுறை பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். உப்பு போட்டுச் சரியாக வேண்டிய பிளாண்டில் நூறு கிலோ அமோனியா ஏற்றினால் கோளாறு அப்படியே இருக்கும், மேலே அதிகப்படிக் கேஸ் என்ற புதுத் தொல்லையும் சேரும்.

உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால் ரிசீவரின் லெவல் கண்ணாடி காட்டும். பிளாண்ட் வழக்கமான லோடில் ஓடும்போது முன்பு எவ்வளவு நின்றது, இப்போது எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். எக்ஸ்பான்ஷன் வால்வில் திரவம் போகும் சீரான ஓசைக்குப் பதிலாகக் கேஸும் திரவமும் கலந்து போகும் சீறல் கேட்கும். டிஸ்சார்ஜ் லைன் வழக்கத்தைவிட அதிகமாகச் சூடேறும். இவையெல்லாம் சேர்ந்து வந்தால் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஓட்டையைத் தேடுங்கள். வெளியே இருக்கும் கிளாண்டு, ஃபிளாஞ்ச், வெல்டிங் எல்லாவற்றையும் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் காட்டிப் பாருங்கள். அமோனியா பட்டால் நீலமாகும். கந்தகத் திரியைக் கொளுத்திக் காட்டினால் கசியும் இடத்தில் கெட்டியாக வெள்ளைப் புகை வரும். வாடை ஏற்கெனவே மூக்கைத் தாக்கும் அளவுக்கு இருந்தால் மட்டும் திரியைக் கொளுத்தாதீர்கள். காற்றில் 15 முதல் 28 சதவீதம் வரை கலந்தால் அமோனியாவும் தீப்பற்றும்.

வெளியே அகப்படாத கசிவு தண்ணீருக்குள் இருக்கும். ஒரு பிளாண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு சிலிண்டர் என்று வருடக்கணக்காக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதலாளி அதை மாதச் செலவுக் கணக்கில் சேர்த்துவிட்டார். நான் போனபோது முதலில் கண்ணில் பட்டது கண்டென்சர் தொட்டியின் பாசி. பக்கத்தில் இருந்த மற்றத் தொட்டிகளில் இல்லாத அடர்பச்சை, கையால் அள்ளும் அளவுக்கு. அமோனியா பாசிக்கு உரம். காரம் பட்டால் நிறம் மாறும் ஃபினாப்தலின் தாளை அந்தத் தண்ணீரில் நனைத்தேன், ரோஜா நிறமானது. ஒரு டியூபில் ஊசிமுனை அளவு ஓட்டை. பிரைனையும் இதே மாதிரி சோதிக்கலாம். ஆனால் பிரைன் அரிக்காமல் இருக்க அதைக் கொஞ்சம் காரத்தன்மையோடு வைத்திருப்பார்கள், அப்போது தாள் ஏமாற்றும். சந்தேகமாக இருந்தால் பிரைன் சாம்பிளை லேபில் கொடுத்து அமோனியா இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. கையில் எடுக்கப் போவது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணக் காற்றழுத்தத்தில் அமோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும். ஒரு லிட்டர் திரவம் வெளியே கொட்டினால் ஏறத்தாழ 850 லிட்டர் கேஸாகும். 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) அளவிலேயே பலருக்கு வாடை தெரியும். எட்டு மணி நேர வேலைக்கு 25 பிபிஎம்தான் வரம்பு. 300 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். வாடை முன்கூட்டியே எச்சரிப்பது நமக்குக் கிடைத்த வரம். ஆனால் மூக்கு பழகிவிடும். "எனக்கு வாடையே தெரியாது" என்று ஒரு ஆபரேட்டர் பெருமையாகச் சொன்னால் அவரைச் சிலிண்டர் பக்கம் நிறுத்தும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

இது ஈரத்தைத் தேடிப் போகும் பொருள். கண், தொண்டை, அக்குள், தொடையிடுக்கு என்று வியர்வை இருக்கும் இடமெல்லாம் எரியும். காரப் பொருள் என்பதால் தசையைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் தண்ணீர் ஊற்றுவதில் ஒரு நொடிகூடத் தாமதிக்கக்கூடாது.

வேலைக்கு எந்த நேரம் நல்லது? பகல் வெளிச்சத்தில்தான், அதில் மாற்றம் இல்லை. கடலோரத்தில் விடிகாலையில் தரைக்காற்று கடலைப் பார்த்து வீசும், வெயில் ஏறிய பின் கடற்காற்று ஊருக்குள் வீசும். உங்கள் பிளாண்டுக்குக் கடலின் எதிர்ப்பக்கம் குடியிருப்பு இருந்தால் மதியத்துக்கு மேல் ஏற்றுவது சரியில்லை. ஆனால் காலையில் கடற்கரைப் பக்கம் மீன் ஏலம் நடந்து நூறு பேர் நிற்பார்கள் என்றால் அதையும் யோசிக்க வேண்டும். கூட்டம் கலைந்தபின், காற்று திரும்புவதற்கு முன் என்று ஒரு இடைவெளி எல்லா ஊரிலும் கிடைக்கும். கொடிக்கம்பத்தில் ஒரு துணி நாடாவைக் கட்டி வைத்துவிட்டால் எல்லோருக்கும் காற்றின் திசை தெரியும். பக்கத்து வீடுகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தெருவில் நின்றார்கள். அது குளிர்சாதன பிளாண்ட் இல்லை, வேறு விஷயம். ஆனால் காற்றுக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும் என்று முன்பே தெரிந்தவர்கள் பிழைக்கும் வழி வேறு, தெரியாதவர்கள் தவிப்பு வேறு.

ஆட்கள் குறைந்தது இரண்டு பேர். ஒருவர் சிலிண்டர் வால்வை விட்டு நகரவே கூடாது. போன் வந்தாலும் எடுக்கக்கூடாது. இன்னொருவர் எஞ்சின் ரூமில் கேஜையும் கம்ப்ரசரையும் பார்த்துக்கொண்டிருப்பார். கம்ப்ரசர் சத்தத்தில் பேச்சு கேட்காது, ஆகவே "திற", "மூடு", "ஓடு" என்று மூன்று கைச்சைகையை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும், இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். வெளியில் இருந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சிலிண்டர் நிற்கும் இடத்திலிருந்து பத்து நொடியில், கண்ணை மூடிக்கொண்டே போய்ச் சேரும் தூரத்தில் ஷவரோ, குறைந்தது நிரம்பிய டிரம்மும் ஓடுகிற ஹோஸ் பைப்பும் இருக்க வேண்டும். "ஓடுகிற" என்று சொல்வதைக் கவனியுங்கள், வேலை முடியும் வரை குழாய் மெலிதாக ஓடட்டும். அவசரத்தில் குழாயைத் திருகத் தேடக்கூடாது. இன்னொன்று: பக்கத்தில் தண்ணீர் போலத் தெரிவது பிரைன் டேங்க். பதற்றத்தில் அதில் முகத்தைக் கழுவப் போனவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மைனஸ் பத்து டிகிரி உப்புத்தண்ணீரைக் கண்ணில் அள்ளிப் போடுவது இரண்டாவது காயம். டேங்க் மூடிகளை அன்று மூடியே வையுங்கள்.

உடுப்பு: முகம் முழுவதையும் மூடும் மாஸ்க், அதில் அமோனியாவுக்கான பச்சைப் பட்டை போட்ட கே ரக ஃபில்டர், காலாவதித் தேதி தாண்டாதது. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது, கசியும். நியோபிரீன் அல்லது பியூட்டைல் ரப்பர் கையுறை. துணிக் கையுறையும் தோல் கையுறையும் திரவத்தை உறிஞ்சிக் கையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் ஏப்ரன், கம்பூட், பேன்ட் பூட்டுக்கு வெளியே விழ வேண்டும். ஃபில்டர் மாஸ்க் சிறு கசிவில் வால்வை மூடவும் வெளியேறவும்தான். மேகம் போல் நிறைந்த அறைக்குள் காற்றுச் சிலிண்டர் சுமந்த மாஸ்க் இல்லாமல் யாரும் போகக்கூடாது. அது தீயணைப்புத் துறையின் வேலை.

இனி ஹோஸ். அமோனியாவுக்கென்றே செய்த, பிரஷர் எழுதிய ஹோஸ்தான் வேண்டும். சமையல் கேஸ் ஹோஸ், வாட்டர் வாஷ் ஹோஸ் எதுவும் கூடாது. பித்தளை, செம்பு எங்கேயும் இருக்கக்கூடாது. ஏசி மெக்கானிக்கிடம் இருந்து ஒரு கேஜ் செட்டை இரவல் வாங்கி மாட்டிய ஒரு பிளாண்டைச் சொல்கிறேன். பித்தளை நட்டுக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையே ஆறேழு மாதம் எடுத்து எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நான் கையில் வாங்கிப் பார்த்தபோது நட்டின் மரையோரம் நீலப்பச்சையாகப் பூத்திருந்தது. நகத்தால் தேய்த்தால் உள்ளே தலைமுடி அளவு ஒரு விரிசல், நட்டின் பாதிச் சுற்றுக்கு. இன்னும் ஒரு முறை ஸ்பேனர் போட்டு இறுக்கியிருந்தால் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு பிரஷரில் கையிலேயே இரண்டாகியிருக்கும். அமோனியாவும் ஈரமும் சேர்ந்தால் பித்தளை அப்படித்தான் உள்ளுக்குள் வெடிக்கும். முழுவதும் ஸ்டீல் ஃபிட்டிங் மட்டும் போடுங்கள்.

கொஞ்சம் செலவு செய்து இதையும் நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள்: ஹோஸின் சிஸ்டம் பக்க முனைக்கும் சார்ஜிங் வால்வுக்கும் (பிளாண்டுக்குள் கேஸ் ஏறும் வால்வு) நடுவில் ஒரு ஸ்டீல் டீ, அதில் மிச்சக் கேஸை வெளியே விட ஒரு சின்ன பிளீட் வால்வு. சார்ஜிங் லைனில், கேஸைத் திரும்பி வரவிடாத ஒரு நான்ரிட்டர்ன் வால்வும் வேண்டும். கடைசியில் கழற்றும்போது இவற்றின் அருமை தெரியும்.

சிலிண்டர் வந்ததும் உருட்டி இறக்காமல் நிதானமாக இறக்கி, நிழலில் வையுங்கள். கழுத்தில் குத்தியிருக்கும் வெறும் எடையையும் கடைசியாகச் சோதித்த தேதியையும் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். எடை மேடையில் ஏற்றி மொத்த எடையைக் குறியுங்கள். பிறகு அடிப்பக்கம் உயர்ந்து வால்வுப் பக்கம் தாழ்ந்த சாய்வு ஸ்டாண்டில், உருளாதபடி கட்டை கொடுத்துப் படுக்க வையுங்கள். நிற்க வைத்தால் கேஸ்தான் வரும், திரவம் வராது. சிலிண்டர் குளிர்ந்து வேலை நின்றுபோகும். சில சிலிண்டர்களில் உள்ளே வளைந்த குழாய் இருக்கும், எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று சப்ளையரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் ஏறட்டும் என்று தீயையோ ஸ்டீமையோ சிலிண்டரில் காட்டுவது கொலைக்குச் சமம்.

மாட்டும்போது: வாஷர் புதியது. பழைய வாஷரைத் திருப்பிப் போட வேண்டாம். இரண்டு முனையும் இறுக்கியபின், சார்ஜிங் வால்வு மூடியே இருக்க, சிலிண்டர் வால்வை ஒரு நூலளவு திறந்து உடனே மூடுங்கள். ஹோஸில் இருக்கும் காற்றை பிளீட் வால்வு வழியாகத் தண்ணீர் வாளிக்குள் விட்டு வெளியேற்றுங்கள். இப்போது லிட்மஸ் தாளை இரண்டு கப்ளிங்கிலும் வால்வுக் கிளாண்டிலும் காட்டுங்கள். தாள் நீலமானால் பிரஷரோடு இறுக்காதீர்கள். வாளிக்குள் விட்டு ஹோஸைக் காலி செய்து, பிறகு சரிசெய்யுங்கள். நிற்கும் இடம் வால்வுக்குப் பக்கவாட்டில், காற்று உங்கள் முதுகில் படும்படி. வால்வு திறக்க வரவில்லை என்றால் ஸ்பேனரில் பைப்பை மாட்டி நெம்பாதீர்கள். அந்தச் சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஏற்றும் வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது புரிந்தால் மறக்காது. 30 டிகிரி வெயிலில் சிலிண்டருக்குள் பிரஷர் 155 பவுண்டு. உங்கள் கண்டென்சர் பக்கம் 35 டிகிரியில் 180 பவுண்டு. இரண்டையும் திறந்து இணைத்தால் கேஸ் பிளாண்டிலிருந்து சிலிண்டருக்குப் போகும்! நிரம்பிய சிலிண்டர் மேலும் நிரம்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் ரிசீவர் வெளியேறும் இடத்திலுள்ள கிங் வால்வை மூடிவிட்டு, அதற்கும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்கும் இடையில் ஏற்றுகிறோம். கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் பக்கம் பிரஷர் 20 பவுண்டு, அதற்கும் கீழே. சிலிண்டரிலிருந்து திரவம் தானாகப் பாயும்.

கிங் வால்வை மூடி, சக்ஷன் சற்று இறங்கியதும் சிலிண்டர் வால்வை மெல்ல முழுதும் திறவுங்கள். பிறகு சார்ஜிங் வால்வைக் கால் சுற்று. ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது சார்ஜிங் வால்வில்தான். எஞ்சின் ரூமில் இருப்பவர் மூன்றைப் பார்க்க வேண்டும்: சக்ஷன் கேஜ், ஹெட் கேஜ் (கண்டென்சர் பக்கத்து அழுத்தம்), சக்ஷன் லைனில் பனி எதுவரை வருகிறது என்பது. பனி கம்ப்ரசர் உடம்பில் ஏறினாலோ, ஓட்டத்தில் டக் டக் என்று அடி கேட்டாலோ திரவம் திரும்பி வருகிறது என்று பொருள். உடனே சார்ஜிங் வால்வை மூடச் சைகை காட்ட வேண்டும். சக்ஷன் பூஜ்யத்துக்குக் கீழே, வேக்குவத்துக்குப் (வெற்றிடத்துக்கு) போகவிடாதீர்கள். கிளாண்டு வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே வந்துவிடும்.

சிலிண்டர் காலியாவதை எடை மேடைதான் சரியாகச் சொல்லும். கூடவே, திரவம் தீரும்போது சிலிண்டரின் தாழ்ந்த பக்கம் வெள்ளையாகப் பனி படியும், ஹோஸில் ஓசை மாறும்.

இப்போது வருகிறது கழற்றும் வேலை. அதைப் படிப்படியாகவே சொல்கிறேன். முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். சார்ஜிங் வால்வைத் தொடாதீர்கள், அது திறந்தே இருக்கட்டும், கம்ப்ரசர் ஓடட்டும். சிலிண்டரை மூடியதும் ஹோஸில் மிச்சமுள்ள திரவம் கொதிக்கத் தொடங்கி, ஹோஸின் வெளிப்பக்கம் பனி பூக்கும். அந்தப் பனி முழுதும் உருகி, ஹோஸ் கைக்குச் சாதாரணச் சூட்டில் இருக்கும் வரை காத்திருங்கள். பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டு இரண்டு வால்வையும் மூடினால் நடுவில் திரவம் சிறைப்படும். வெயில் பட்டுச் சூடாகும்போது திரவம் விரியும், விரிய இடம் இருக்காது. ஹோஸோ கப்ளிங்கோ வெடித்தே தீரும். 0 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போகும்போது திரவ அமோனியா பத்து சதவீதம் அளவுக்கு விரிகிறது. இது எந்த ஸ்டீலையும் கிழிக்கும்.

பனி உருகியபின் சார்ஜிங் வால்வை மூடுங்கள். பிளீட் வால்வில் மாட்டிய சிறு ஹோஸின் முனையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டு, மெல்லத் திறவுங்கள். மிச்சக் கேஸ் தண்ணீருக்குள் போகும்போது படபடவென்று பொரிவது போல் சத்தம் வரும், குமிழி மேலே வராது, ஏனென்றால் அமோனியா போகிற வழியிலேயே கரைந்துவிடுகிறது. குமிழி மேலே வந்தால் அது காற்று. சத்தம் நின்றதும் கவனம்: தண்ணீர் அமோனியாவை அவ்வளவு ஆசையாக இழுப்பதால், ஹோஸில் பிரஷர் தீர்ந்த மறுகணம் தண்ணீரே குழாய்க்குள் ஏறத் தொடங்கும். சத்தம் அடங்கும்போதே முனையைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டு, அதன் பிறகு பிளீட் வால்வை மூடுங்கள். தண்ணீர் சிஸ்டத்துக்குள் போனால் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும், அமோனியாவின் கொதிநிலையை உயர்த்திக்கொண்டு.

அதன்பின் முகத்தை விலக்கி, மாஸ்க்கோடு, கப்ளிங்கை அரைச் சுற்று மட்டும் தளர்த்திக் கவனியுங்கள். சீறல் வந்தால் திரும்ப இறுக்குங்கள். வராவிட்டால் கழற்றலாம். சிலிண்டருக்கு மூடி போடுங்கள், காலிச் சிலிண்டரிலும் கேஸ் இருக்கத்தான் செய்யும். அந்த வாளித் தண்ணீரை ஓடையிலோ இறால் பண்ணைப் பக்கமோ கொட்டாதீர்கள், கொஞ்சம் அமோனியாவுக்கே மீனும் இறாலும் செத்துவிடும்.

கசிந்துவிட்டால்: முடிந்தால் வால்வை மூடுங்கள், முடியாவிட்டால் விட்டுவிட்டு ஓடுங்கள். காற்றுக்குக் குறுக்காக ஓடிப் பிறகு காற்றை எதிர்த்துப் போங்கள். அமோனியா கேஸ் காற்றைவிட லேசானதுதான். ஆனால் திரவமாகப் பீறிட்டால் நம் கடலோர ஈரக்காற்றோடு சேர்ந்து குளிர்ந்த வெண்மேகமாகத் தரையோடு தவழும். குனிந்து போனால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். காற்றில் பரவும் மேகத்தின்மேல் தண்ணீரைத் தூவலாம். தரையில் தேங்கிய திரவத்தின்மேல் தண்ணீர் அடிக்கக்கூடாது, அது சூடேறி இன்னும் வேகமாகக் கொதித்துக் கிளம்பும். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. இரண்டு எண்ணையும் வெளிச்சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

கண்ணில் பட்டால் இமையைப் பிடித்துத் திறந்து குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீர், பிறகு மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் தொடர்ந்து. துணியால் துடைக்காதீர்கள், எலுமிச்சையோ வினிகரோ ஊற்றாதீர்கள். திரவம் தெறித்து உடுப்பு உடம்போடு உறைந்து ஒட்டியிருந்தால் பிய்க்காமல் தண்ணீர் ஊற்றி இளக்கிய பிறகே கழற்றுங்கள், இல்லாவிட்டால் தோலும் சேர்ந்து வரும். இருமல் நின்றுவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம்.

எவ்வளவு ஏற்றுவது? ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டர் மட்டும். முடிந்ததும் கிங் வால்வைத் திறந்து பிளாண்டை ஒரு மணி நேரமாவது வழக்கமான லோடில் ஓட விடுங்கள். ரிசீவர் கண்ணாடியைப் பாருங்கள், சக்ஷனைப் பாருங்கள். போதும் என்றால் இரண்டாவது சிலிண்டரைத் தொடவே வேண்டாம். அதிகம் ஏற்றினால் ரிசீவர் நிரம்பித் திரவம் கண்டென்சருக்குள் தேங்கும், ஹெட் பிரஷர் ஏறும், கரண்ட் பில் ஏறும். அதைவிட முக்கியம், நாளை ரிப்பேருக்காகக் கேஸ் முழுவதையும் ரிசீவரில் இறக்க வேண்டி வந்தால் இடம் இருக்காது. எல்லாக் கேஸும் இறங்கிய பிறகும் ரிசீவரில் 80 சதவீதத்துக்கு மேல் போகாத அளவுதான் உங்கள் பிளாண்டின் உச்ச அளவு.

பழைய ஆபரேட்டரை ஒதுக்கிவிடாதீர்கள், தம்பி. அந்த பிளாண்டின் ஒவ்வொரு வால்வும் எந்தப் பக்கம் இறுகும் என்று அவருக்குத்தான் தெரியும். அவருக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்து, கூட ஒரு ஆளையும் நிறுத்தி, அவரையே ஏற்றச் சொல்லுங்கள். நீங்கள் நோட்டில் எழுதுங்கள்: தேதி, ஏற்றும் முன் சிலிண்டர் எடை, ஏற்றிய பின் எடை, ரிசீவர் லெவல், சக்ஷன், ஹெட், பிரைன் டிகிரி. சிலிண்டருக்குச் சொல்லும் முன் ஹைட்ரோமீட்டர் அளவையும், கண்டென்சர் தண்ணீரில் ஃபினாப்தலின் தாள் என்ன நிறம் காட்டியது என்பதையும் எனக்கு எழுதுங்கள். இரண்டு சிலிண்டர் வேண்டுமா, இரண்டு மூட்டை உப்பு போதுமா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.